நெடுஞ்சாலையில் எந்த வேகத்தில் போனால் மைலேஜ் அதிகம்? உங்கள் காருக்கான எண்ணை அளந்து கண்டுபிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

எரிபொருள் விலை ஏறும்போது நெடுஞ்சாலைப் பயணச் செலவைக் குறைக்க நம் கையில் இருக்கும் மிகப் பெரிய வழி வேகம்தான். புதிய கார் வேண்டாம், எந்தக் கருவியும் வாங்க வேண்டாம். ஆக்சிலரேட்டரில் இருக்கும் காலைக் கொஞ்சம் தளர்த்தினால் போதும். எவ்வளவு தளர்த்துவது என்பதில்தான் குழப்பம். ஒருவர் 80 என்பார், இன்னொருவர் 90 என்பார், மூன்றாமவர் ரொம்ப மெதுவாகப் போனாலும் மைலேஜ் அடிவாங்கும் என்பார். மூவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் உங்கள் காருக்கான எண், உங்கள் காரில் அளந்தால்தான் கிடைக்கும். ஒரு காலைப் பொழுதை ஒதுக்கினால் அளந்துவிடலாம்.

அளந்த பிறகு இன்னொரு வேலை இருக்கிறது, அதைப் பலரும் செய்வதில்லை. மைலேஜ் உச்சத்தில் இருக்கும் வேகமும் நீங்கள் ஓட்ட வேண்டிய வேகமும் பெரும்பாலும் ஒன்றாக இருக்காது. ஒவ்வொரு 10 கி.மீ. வேகக் குறைப்புக்கும் எவ்வளவு எரிபொருள் மிச்சமாகிறது, அதற்கு எத்தனை நிமிடம் கொடுக்கிறோம் என்று பார்த்தால்தான் சரியான முடிவுக்கு வர முடியும். அந்தக் கணக்கையும் கீழே போட்டுக் காட்டுகிறேன்.

வேகம் கூடினால் எரிபொருள் எங்கே போகிறது

சமமான சாலையில் ஒரே வேகத்தில் ஓடும் காரை இரண்டு எதிர்ப்புகள் பின்னுக்கு இழுக்கின்றன. ஒன்று, டயர் உருள்வதில் வரும் இழப்பு. 1,500 கிலோ எடையுள்ள காருக்கு இது ஏறத்தாழ 150 நியூட்டன். வேகம் கூடினாலும் பெரிதாக மாறாது. இன்னொன்று காற்று. பணத்தைத் தின்பது இதுதான். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். அதாவது வேகம் இரண்டு மடங்கானால் எதிர்ப்பு நான்கு மடங்காகும். நடுத்தர அளவுள்ள ஒரு காருக்குக் கணக்குப் போட்டால் 60 கி.மீ. வேகத்தில் காற்றின் எதிர்ப்பு சுமார் 110 நியூட்டன். 80-இல் 195, 100-இல் 305, 120-இல் 440. அதாவது 80-ஐத் தொடும்போதே காற்று டயரை முந்திவிடுகிறது, 120-இல் கிட்டத்தட்ட மூன்று மடங்காகிவிடுகிறது. எதிர்க்காற்றில் சைக்கிள் மிதித்தவர்களுக்கு இது காலிலேயே தெரிந்திருக்கும்.

அப்படியானால் 40-இல் போனால் இன்னும் மிச்சமாகுமே? ஆகாது. இன்ஜின் ஓடுவதற்கென்றே ஒரு செலவு இருக்கிறது. நின்ற இடத்தில் ஐடிலில் ஓடும் ஒரு சாதாரண கார் இன்ஜின் மணிக்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை குடிக்கும். 0.8 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், 40-இல் 100 கி.மீ. கடக்க இரண்டரை மணி நேரம் ஆகிறது. இன்ஜினை ஓட விடுவதற்கு மட்டுமே 2 லிட்டர் போய்விடும். 80-இல் அது ஒரு லிட்டர்தான். தவிர, பெட்ரோல் இன்ஜின் மிகக் குறைந்த சுமையில் திறமையாக வேலை செய்யாது. மெதுவாகப் போகும்போது மேல் கியரும் விழாது.

இந்த இரண்டு செலவுகளையும் கூட்டி வரைந்தால் ஒரு கிண்ணம் போன்ற வளைவு வரும். பெரும்பாலான பெட்ரோல், டீசல் கார்களில் அதன் அடி 60-க்கும் 80-க்கும் நடுவில் எங்கோ இருக்கும். அடிப்பகுதி கிட்டத்தட்டத் தட்டையானது. 70-இல் போனாலும் 75-இல் போனாலும் பர்ஸுக்கு வித்தியாசம் தெரியாது. வலது பக்கம்தான் செங்குத்து. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 74 வாகனங்களைச் சோதித்தபோது, மணிக்கு 50 மைலில் இருந்து 60 மைலுக்கு (சுமார் 80-இல் இருந்து 97 கி.மீ.) ஏறினால் மைலேஜ் சராசரியாக 12% குறைந்தது. 60-இல் இருந்து 70 மைலுக்குப் போக மேலும் 14%, 70-இல் இருந்து 80 மைலுக்குப் போக மேலும் 15%. மேலே போகப் போக ஒவ்வொரு படியும் முந்தைய படியைவிட அதிகமாகக் கேட்கிறது.

ஒவ்வொரு காருக்கும் இந்த வளைவு கொஞ்சம் வேறுபடும். உயரமான எஸ்யூவி அகலமான முகத்தோடு காற்றைத் தள்ளுவதால் வலது பக்கம் இன்னும் வேகமாக ஏறும். ஆட்டோமேட்டிக் கார்களில் கடைசி கியர் விழும் வேகத்துக்குக் கீழே போனால் மைலேஜ் சட்டென்று குறையும். ஆகவே கடைசி கியர் திணறாமல் ஓடும் மிகக் குறைந்த வேகத்துக்கு அருகில்தான் பெரும்பாலும் அடிமட்டம் இருக்கும். மின்சாரக் கார்களுக்கு ஐடில் செலவே கிடையாது என்பதால் அடிமட்டம் இன்னும் கீழே இருக்கிறது. நெடுஞ்சாலையைப் பொறுத்தவரை அவற்றுக்கு எவ்வளவு மெதுவோ அவ்வளவு லாபம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

சரி, அளக்கத் தொடங்கலாம்.

படி 1: காரைத் தயார் செய்யுங்கள்

முதல் நாளே, வண்டி ஓடாமல் ஆறியிருக்கும்போது டயர் காற்றைச் சரிபாருங்கள். ஓட்டுநர் கதவின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவுதான் சரியான அளவு. டயரின் பக்கவாட்டில் அச்சடித்திருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அழுத்தம், அதை வைத்து அடிக்கக் கூடாது. நான்கு டயர்களிலும் சராசரியாக 1 பிஎஸ்ஐ குறைந்தால் மைலேஜ் ஏறத்தாழ 0.2% குறையும். சின்ன எண்தான், ஆனால் கவனிக்காமல் விட்ட டயரில் 7, 8 பிஎஸ்ஐ குறைந்திருப்பது சாதாரணம்.

கூரையில் கேரியரோ பெட்டியோ இருந்தால் கழற்றுங்கள். பெரிய கூரைப் பெட்டி ஒன்று நெடுஞ்சாலை வேகத்தில் 10% முதல் 25% வரை மைலேஜைத் தின்னக்கூடியது. விடுமுறை முடிந்த பிறகும் அதைக் கழற்றாமல் ஓட்டுபவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை. எந்த வேகத்தில் போகலாம் என்று யோசிப்பதற்கு முன் கழற்ற வேண்டியது அது. ஒருவேளை தொழிலுக்காகக் கேரியர் எப்போதும் இருந்தாக வேண்டும் என்றால், அதை வைத்துக்கொண்டே அளந்து பாருங்கள். நீங்கள் வழக்கமாக ஓட்டும் நிலையில் அளந்தால்தான் எண் உங்களுக்கு உதவும்.

படி 2: உண்மையான வேகத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஸ்பீடோமீட்டர் காட்டும் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். பல நாடுகள் பின்பற்றும் ஐ.நா.வின் 39-ஆம் எண் வாகன விதிமுறைப்படி, அது உண்மையான வேகத்தைவிடக் குறைவாகக் காட்டவே கூடாது. ஆனால் 10 சதவீதத்தோடு 4 கி.மீ. சேர்த்து அதிகமாகக் காட்ட அனுமதி உண்டு. அதனால் தயாரிப்பாளர்கள் கொஞ்சம் கூட்டியே காட்டும்படி வைக்கிறார்கள். முள் 100-ஐக் காட்டும்போது கார் உண்மையில் 95-இல் போய்க்கொண்டிருக்கலாம். ஒரு முறை போனின் ஜிபிஎஸ் வேகத்தோடு ஒப்பிட்டு, முள்ளில் எந்த எண்ணுக்கு உண்மையில் எந்த வேகம் என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள். டயர் அளவை மாற்றியிருந்தால் ட்ரிப் மீட்டர் காட்டும் தூரமும் பிசகும், அதையும் ஒப்பிட்டுவிடுங்கள்.

படி 3: சாலையும் நேரமும்

கண்ணுக்குச் சமமாகத் தெரியும் சாலை சமமாக இருக்க வேண்டியதில்லை. 100 மீட்டருக்கு 1 மீட்டர் ஏறும் சாலையைப் பார்த்து மேடு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் 1,500 கிலோ காரை அந்த ஏற்றம் சுமார் 147 நியூட்டன் விசையோடு பின்னுக்கு இழுக்கும். டயர்களின் மொத்த எதிர்ப்புக்குச் சமமான இழுப்பு அது! அதனால்தான் ஒரு பக்கம் மட்டும் ஓட்டிவிட்டு எடுத்த எண்களுக்கு மதிப்பில்லை. 10 முதல் 20 கி.மீ. நீளமுள்ள, சிக்னலும் வளைவும் குறைந்த ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு வேகத்திலும் போய்த் திரும்பி வர வேண்டும். எந்த இடத்தில் அளவைத் தொடங்குவது, எங்கே முடிப்பது என்பதை ஒரு பாலம், ஒரு கிலோமீட்டர் கல் என்று அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்.

காற்று வீசாத அதிகாலைதான் நல்ல நேரம். மணிக்கு 20 கி.மீ. எதிர்க்காற்றில் 100-இல் போகும் கார், காற்றைப் பொறுத்தவரை 120-இல் போகிறது. திரும்பி வரும்போது அதே காற்று உதவும்தான். ஆனால் வர்க்கக் கணக்கு என்பதால் இழந்தது முழுவதும் திரும்பி வராது. பக்கக்காற்றோ இரு திசையிலும் நஷ்டம்தான்.

படி 4: ஓட்டி அளப்பது

முதலில் 20 நிமிடமாவது ஓட்டி இன்ஜின், கியர்பாக்ஸ், டயர் எல்லாவற்றையும் சூடாக்குங்கள். ஆறிய காரில் எடுத்த முதல் அளவு எப்போதும் மோசமாக வரும், அந்த வேகத்தின் மேல் வீண்பழி விழும். ஏசியை ஒரே நிலையில் வையுங்கள், கண்ணாடிகள் மூடியிருக்கட்டும். கூட ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். எண்களைக் குறிப்பது அவர் வேலை, சாலையைப் பார்ப்பது மட்டும் உங்கள் வேலை.

70, 80, 90, 100 என்று பத்துப் பத்தாக, அந்தச் சாலையின் சட்ட வரம்புக்குள் எத்தனை வேகங்கள் முடியுமோ அத்தனையையும் எடுங்கள். அடையாள இடத்துக்கு முன்பே வேகத்தை எட்டி, க்ரூஸ் கன்ட்ரோலை (ஆக்சிலரேட்டரை மிதிக்காமலே ஒரே வேகத்தில் ஓட்டும் வசதி) போட்டு, கார் ஒரே சீராக ஓடத் தொடங்கிய பிறகுதான் டாஷ்போர்டில் உள்ள சராசரி மைலேஜை ரீசெட் செய்ய வேண்டும். நின்ற நிலையில் ரீசெட் செய்தால் வேகம் எடுக்கச் செலவான எரிபொருளும் கணக்கில் சேர்ந்துவிடும். நடுவில் பிரேக் போட நேர்ந்தால் அந்த ஓட்டத்தைக் கழித்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

வேகங்களை வரிசையாக எடுக்காதீர்கள். 80, 100, 70, 90 என்று கலைத்து எடுத்து, கடைசியில் முதல் வேகத்தையே இன்னொரு முறை ஓட்டிப் பாருங்கள். இரண்டு அளவும் ஒட்டி வந்தால் நடுவில் காற்றோ வெயிலோ பெரிதாக மாறவில்லை என்று தெரிந்துகொள்ளலாம். விலகி வந்தால் இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம். அன்றைய எண்களை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

டாஷ்போர்டு கணினி இல்லாத பழைய காருக்கு ஓபிடி போர்ட் (மெக்கானிக் இன்ஜின் தகவல்களைப் படிக்கும் சாக்கெட்) இருந்தால், அதில் செருகும் சிறிய கருவியும் ஒரு ஆப்பும் போதும். அதுவும் இல்லையென்றால் ஒரு டேங்க் முழுவதும் ஒரு வேகம், அடுத்த டேங்க் இன்னொரு வேகம் என்று வாரக்கணக்கில் பொறுமையாகச் செய்யலாம். வழக்கமாக ஒரே நெடுஞ்சாலையில் போய் வருபவர்களுக்கு அதுவே போதுமான வழி.

படி 5: சராசரி எடுப்பதில் ஒரு கண்ணி

போகும்போது லிட்டருக்கு 22 கி.மீ., வரும்போது 16 கி.மீ. கிடைத்தது என்றால் சராசரி 19 என்று எழுதத் தோன்றும். அது தவறு. இரண்டையும் முதலில் 100 கி.மீ.க்கு எத்தனை லிட்டர் என்று மாற்றுங்கள்: 4.55, 6.25. இவற்றின் சராசரி 5.4. அதைத் திருப்பினால் லிட்டருக்கு 18.5 கி.மீ. வரும். இந்த வழிகாட்டியின் மற்றக் கணக்குகளையும் 100 கி.மீ.க்கு லிட்டர் என்ற அளவிலேயே போடுங்கள். செலவு நேராகத் தெரிவது அதில்தான்.

படி 6: டேங்கை வைத்துச் சரிபார்ப்பது

டாஷ்போர்டு காட்டும் மைலேஜ் பல கார்களில் உண்மையைவிடக் கொஞ்சம் தாராளமாக இருக்கும். வேகங்களை ஒன்றோடொன்று ஒப்பிட அது தடையில்லை, எல்லாவற்றிலும் ஒரே அளவில்தான் கூட்டிச் சொல்லும். பணக்கணக்குக்குத்தான் திருத்தம் தேவை. பங்க்கில் எரிபொருள் ஊற்றும் குழாய் முனை முதல் முறை தானாக நின்றதும் நிறுத்தி ஃபுல் டேங்க் போடுங்கள், ட்ரிப் மீட்டரை ரீசெட் செய்யுங்கள். 300 கி.மீ.க்கு மேல் ஓட்டியதும் முடிந்தால் அதே பம்பில், அதே முறையில் நிரப்புங்கள். போட்ட லிட்டரை ஓடிய தூரத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் உண்மை எண் கிடைக்கும். அது டாஷ்போர்டு எண்ணைவிட 5% அதிகம் என்றால், உங்கள் அளவுகள் எல்லாவற்றையும் 5% கூட்டிக்கொள்ளுங்கள்.

படி 7: எந்த வேகத்தில் ஓட்டுவது

இதுதான் முக்கியமான கட்டம். உதாரணமாக உங்கள் அளவுகள் 100 கி.மீ.க்கு இப்படி வந்திருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம்:

70-இல் 4.6 லிட்டர்
80-இல் 5.0 லிட்டர்
90-இல் 5.5 லிட்டர்
100-இல் 6.1 லிட்டர்
110-இல் 6.9 லிட்டர்
120-இல் 7.8 லிட்டர்

இதைப் பார்த்ததும் 70-இல் ஓட்டுவதுதான் புத்திசாலித்தனம் என்று தோன்றும். ஒவ்வொரு படிக்கும் எவ்வளவு நேரம் கொடுக்கிறோம் என்று பாருங்கள். 120-இல் இருந்து 110-க்கு இறங்கினால் 100 கி.மீ.க்கு நாலரை நிமிடம் தாமதம், மிச்சம் 0.9 லிட்டர். அதாவது மெதுவாகப் போவதற்கு மணிக்கு 12 லிட்டர் கூலி கிடைக்கிறது. 110-இல் இருந்து 100-க்கு இறங்கினால் ஐந்தரை நிமிடத்துக்கு 0.8 லிட்டர், கூலி மணிக்கு 9 லிட்டர் அளவில். 100-இல் இருந்து 90-க்கு மணிக்கு 5.4 லிட்டர். 90-இல் இருந்து 80-க்கு 3.6. 80-இல் இருந்து 70-க்கு இறங்கினால் 10 நிமிடத்துக்கு மேல் கொடுத்து 0.4 லிட்டர்தான் வாங்குகிறோம், கூலி மணிக்கு 2.2 லிட்டர்.

உங்கள் ஒரு மணி நேரம் எத்தனை லிட்டர் பெறும் என்று யோசித்துவிட்டு, கூலி அதற்குக் கீழே விழும் இடத்தில் நின்றுவிடுங்கள். விலை ஏறும்போது ஒவ்வொரு லிட்டரின் மதிப்பும் ஏறுவதால் அந்த இடம் கீழே நகரும். தனியாக அவசரமில்லாமல் போகிறவருக்கு 80 சரியாக இருக்கலாம். நான்கு பேரை ஏற்றிச் செல்பவருக்கு நான்கு பேரின் நேரமும் கணக்கில் வருவதால் 95 சரியாக இருக்கலாம். ஆனால் 120-இல் இருந்து 110, 110-இல் இருந்து 100 என்ற இரண்டு படிகளை மட்டும் கிட்டத்தட்ட எல்லாருமே இறங்கலாம் என்பது என் எண்ணம். அங்கே கொடுக்கும் நிமிடம் சொற்பம், வரும் எரிபொருள் கணிசம்.

இன்னொன்று. 120-இல் போகிறவருக்குக் காகிதத்தில் தெரியும் நேர மிச்சம் சாலையில் முழுதாகக் கிடைப்பதில்லை. முன்னால் போகும் வண்டிகளுக்காக அடிக்கடி பிரேக் போட வேண்டியிருக்கிறது. பிரேக் போட்டு 80-க்கு இறங்கிய 1,500 கிலோ காரை மறுபடி 120-க்குக் கொண்டுபோக ஏறத்தாழ 50 மில்லிலிட்டர் பெட்ரோல் ஆகும். 100 கி.மீ.க்குள் பத்து முறை இப்படி நடந்தால் அரை லிட்டர் பிரேக்கிலேயே சூடாகிப் போய்விடும்.

நாடுகளும் நெருக்கடி வந்தபோது இதே இடத்தில்தான் கை வைத்தன. 1973 எண்ணெய் நெருக்கடியின்போது மேற்கு ஜெர்மனி தன் ஆட்டோபான்களில் சில மாதங்களுக்கு 100 கி.மீ. வரம்பு வைத்தது. அமெரிக்கா 1974-இல் நாடு முழுவதும் மணிக்கு 55 மைல் என்று சட்டமே போட்டது. ஸ்பெயின் 2011-இல் சில மாதங்களுக்கு 120-ஐ 110 ஆக்கியது. 2022-இல் சர்வதேச எரிசக்தி முகமை எண்ணெய்த் தேவையைக் குறைக்க வெளியிட்ட பத்து யோசனைகளில் முதலாவது, நெடுஞ்சாலை வேக வரம்பைக் குறைந்தது 10 கி.மீ. குறைக்க வேண்டும் என்பது.

தேர்ந்த வேகத்தில் ஓட்டும்போது

சமதளத்தில் க்ரூஸ் கன்ட்ரோல் நல்லது. மேடு பள்ளமான சாலையில் அது ஏற்றத்தில் கியரைக் குறைத்து இன்ஜினை அலறவிடும். அங்கே காலால் ஓட்டுவதே மேல். ஏற்றத்தில் ஐந்தோ பத்தோ வேகம் குறைந்தால் குறையட்டும், இறக்கத்தில் திரும்ப வந்துவிடும். இறக்கத்தில் நியூட்ரலில் விடும் பழக்கம் இருந்தால் நிறுத்திவிடுங்கள். இன்றைய கார்களில் கியரில் வைத்து ஆக்சிலரேட்டரை முழுவதும் விட்டால் இன்ஜெக்டர் எரிபொருளை அடியோடு நிறுத்திவிடும்; நியூட்ரலில்தான் ஐடிலுக்கு எரிபொருள் போகும், இன்ஜின் பிரேக்கும் கிடைக்காது.

நெடுஞ்சாலை வேகத்தில் கண்ணாடியை இறக்கினால் காற்றின் எதிர்ப்பு கூடும்; ஏசி போட்டாலும் எரிபொருள் செலவாகும். அப்புறம், லாரிக்குப் பின்னால் ஒட்டிப் போனால் காற்று குறையும், மைலேஜ் கூடும் என்பது உண்மைதான். ஆனால் கணிசமான பலன் கிடைக்கும் தூரத்தில் பிரேக் போட நேரம் இருக்காது. 100-இல் போகும்போது இரண்டு விநாடி இடைவெளி என்பதே 55 மீட்டர். எந்த எரிபொருள் விலைக்காகவும் அதைக் குறைக்காதீர்கள். அதேபோல, சாலையில் எல்லாரும் 100-இல் போகும்போது வேகமான தடத்தில் 70-இல் போவது ஆபத்து. மெதுவான வண்டிகளுக்கான தடத்தில் லாரிகளின் வேகத்தோடு சேர்ந்து போனால் 80 என்பது இயல்பான வேகம்தான். குறைந்தபட்ச வேக வரம்பு உள்ள சாலைகளில் அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எப்போது மறுபடி அளக்க வேண்டும்

டயர் மாற்றினால், குறிப்பாக வேறு அளவோ வேறு வகையோ போட்டால், மறுபடி அளந்து பாருங்கள். குளிர்காலத்தில் எண்கள் மோசமாக வந்தால் பயப்பட வேண்டாம். 0 டிகிரி காற்று 30 டிகிரி காற்றைவிட 11% அடர்த்தியானது, காற்றின் எதிர்ப்பும் அதே அளவு கூடும். வெப்பநிலையும் காற்றும் ஒத்திருக்கும் நாளில் எடுத்த அளவு முந்தையதைவிட 5 சதவீதத்துக்கு மேல் மோசமாக இருந்தால்தான் காரில் ஏதோ கோளாறு என்று பொருள். அப்போது டயர் காற்று, உரசிக்கொண்டே இருக்கும் பிரேக், வீல் அலைன்மென்ட் என்ற வரிசையில் பாருங்கள். விலை மாறினால் ஓட்டி அளக்கத் தேவையில்லை; படி 7-இல் உள்ள கூலிக் கணக்கை மட்டும் புதிய விலையில் போட்டுப் பார்த்தால் போதும்.